பாதி அப்டேட்

க்ர்ர்ர்... டொக். க்ர்ர்ர்... டொக்.

முதலில் சத்தம்தான் தம்பி. வீட்டில் ஆளில்லை. நான் அடுப்படியில் காப்பி குடித்த தம்ளரைக் கழுவிக்கொண்டிருக்கிறேன். உள் அறையிலிருந்து இந்தச் சத்தம். யாரும் தொடாத மெஷின் தானாக எழுந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? தம்ளர் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்துவிட்டது.

நீங்கள் மெத்தையைக் காயப்போடுங்கள். அந்தக் கைப்பிடிச் சுவர் பக்கம் மட்டும் போய் நிற்காதீர்கள். கீழேயிருந்து மருமகள் உங்களைப் பார்த்தால் என்னையும் பார்த்துவிடுவாள். மூன்றாவது மாடிக்குப் புதிதாகக் குடி வந்தவர் நீங்கள்தானே? நான் இரண்டாவது மாடி. சங்கரலிங்கம். வைரவனோட அப்பா. ஒளிந்தெல்லாம் நிற்கவில்லை தம்பி, மொட்டை மாடிக்குத் துணி எடுக்க வந்தேன். வெயில் என்று இந்தத் தண்ணீர்த் தொட்டி நிழலில் ஒதுங்கி நிற்கிறேன், அவ்வளவுதான். கூடை இருக்கிறது பாருங்கள்.

கோயமுத்தூர் வெயில் ஒரு வெயிலா என்கிறீர்களா? அதுவும் சரிதான்.

என் மருமகள் பெயர் கோகிலவாணி. கோபிச்செட்டிபாளையத்துப் பெண். கம்பெனி வேலையைப் பேத்தி பிறந்ததும் விட்டுவிட்டாள். இப்போது வீட்டிலிருந்தே சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சித் தாள் அச்சடித்துக் கொடுக்கிறாள். புள்ளி புள்ளியாக யானை இருக்கும், பிள்ளை அதன் மேலேயே கோடு போட்டால் யானை வந்துவிடும். மழலையர் பள்ளிக்கூடக்காரர்கள் வாங்குகிறார்கள். எல்லாம் ஒரே ஒரு பிரிண்டரில். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் ஒரு முக்காலி போட்டு அதன் மேல் வைத்திருக்கிறாள். வீட்டில் அதற்கு இருக்கிற மரியாதை எனக்குக் கிடையாது. குறையாகச் சொல்லவில்லை. சம்பாதிக்கிற மெஷினுக்கு மரியாதை இருக்கத்தான் வேண்டும். நான் ராஜபாளையத்தில் நூல் மில்லில் மேஸ்திரியாக இருந்தவன். மெஷினுக்கு எண்ணெய் போட்ட பிறகுதான் நான் டீ குடிப்பேன்.

போன மாதம் இன்டர்நெட்காரன் வந்து பழைய மோடத்தை எடுத்துவிட்டுப் புதிது மாட்டினான். அன்று பிடித்தது சனி. கம்ப்யூட்டரிலிருந்து அனுப்புகிற தாள் பிரிண்டருக்குப் போய்ச் சேராது. சில நாள் நாலு தாள் வரும், அஞ்சாவது வராது. கோகிலவாணி எனக்கு விளக்கிச் சொன்னாள்: “மாமா, புது மோடம் ரெண்டு பேர்ல அலை விடுதுங்க. நம்ம பிரிண்டருக்கு ஒரு பேர் மட்டுந்தான் தெரியும். இன்னொண்ணக் கூப்புட்டா அதுக்குக் காது கேக்காது.” அப்புறம் மோடத்தைக் கட்டில் தலைமாட்டில் வைத்தாள், ஜன்னலில் வைத்தாள், பூஜை அலமாரியில் முருகனுக்குப் பக்கத்தில்கூட வைத்துப் பார்த்தாள். பேரை மாற்றினாள், பாஸ்வேர்டை மாற்றினாள். ஒரு நாள் நன்றாக ஓடும். மறுநாள் பழைய கதை.

பிரிண்டர் நெற்றியில் ஒரு நீல விளக்கு உண்டு. நின்று எரிந்தால் வைஃபை இருக்கிறது என்று அர்த்தம். மினுக்கினால் அறுந்துவிட்டது. அதைப் பார்க்கிற வேலையை என்னிடம் கொடுத்தாள். “மாமா, நான் சமைக்கிறப்ப இந்த வெளக்க மட்டும் பாத்துக்குங்க. மினுக்குனா ஒரு சத்தம் குடுங்க, போதும்.” நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். இமைக்காமல் பார்ப்பேன். என் மகன், “அப்பா வைஃபைக்கு வாட்ச்மேன் ஆயிட்டாரு, யூனிஃபார்ம் தைக்கணும்” என்று கிண்டல் செய்தான். செய்யட்டும். எனக்குச் சந்தோஷம்தான். இந்த வீட்டில் என்னைக் கேட்டு நடக்கிற காரியம் ஒன்று இருந்ததென்றால் அது அதுதான்.

பிரிண்டர் கம்பெனிக்குப் போன் போட்டுக் கேட்டாளாம். பிரிண்டருக்குள் மூளை மாதிரி ஒன்று இருக்கிறது, ஃபர்ம்வேர் என்று பேர், அது பழசாகிவிட்டது, அப்டேட் போட்டால் இந்த வைஃபை தொந்தரவு போய்விடும் என்று சொன்னார்களாம். உடனே போட்டுவிடேன் தாயி என்றேன். அவள் பதறிவிட்டாள். “ஐயோ மாமா, அதை இப்ப தொடக் கூடாதுங்க. அப்டேட் ஏறிட்டு இருக்கறப்ப கரண்ட் போச்சுன்னா பிரிண்டர் கல்லாப் போயிரும். அப்புறம் அதுல துணி மடிச்சு வைக்கலாம். இந்த ஸ்கூல் ஆர்டரக் குடுத்துட்டு, ஒரு யூபிஎஸ் இரவல் வாங்கி நெதானமாப் போட்டுக்கறேன். ஸ்கிரீன்ல கேட்டா வேண்டாம்னு குடுத்துருங்க.”

சொன்னாள். தெளிவாகத்தான் சொன்னாள். இல்லை என்று நான் சொல்ல முடியாது.

இன்றைக்குச் சாயங்காலம் அந்த ஆர்டரைக் கொடுக்க வேண்டும். திங்கட்கிழமை அந்த மழலையர் பள்ளிக்கூடத்தைப் புதிதாகத் திறக்கிறார்கள். பாதிக்கு மேல் ஓடிவிட்டது. தாள் தீர்ந்துபோய் வாங்கக் கடைக்குப் போனாள். மகன் ஆபீஸ். பேத்தி ஸ்கூல். நான், தம்ளர், அந்தச் சத்தம்.

போய்ப் பார்த்தால் பிரிண்டர் தானாக முழித்துக்கொண்டு, சின்னக் கண்ணாடியில் இங்கிலீஷில் கேட்கிறது. புது அப்டேட் வந்திருக்கிறது, இப்போது போடட்டுமா என்று. நீல விளக்கு நன்றாக நின்று எரிகிறது. அதைத் துடைக்கலாம் என்று துண்டை எடுத்தேன். விரல் பட்டுவிட்டது.

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்?

சரி, அமுக்கினேன். அமுக்கினேன் தம்பி. அவள் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகி ஓடவேண்டும், ‘யார் மாமா போட்டது’ என்று கேட்க வேண்டும், நான் பேப்பரைப் படித்துக்கொண்டே ‘நான்தான்’ என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான். இந்த வாரம் ஒரு நாளாவது கரண்ட் போச்சா, நீங்களே சொல்லுங்கள். தைரியமாக அமுக்கினேன்.

ஒரு கோடு ஊர்ந்தது. கால்வாசி. பாதி. திடீரென்று கண்ணாடி கறுத்துப்போச்சு. விளக்கெல்லாம் அணைந்தது. கரண்டா என்று அண்ணாந்து பார்த்தேன், ஃபேன் சுற்றுகிறது. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு இடி. கடக்! மை அடிக்கிற அந்தக் குட்டி வண்டி இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் ஓடிப்போய் முட்டுகிறது. மறுபடி கடக்! மறுபடி!

மில்லில் அந்தச் சத்தம் வந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான். பல்சக்கரத்தில் என்னவோ மாட்டிக்கொண்டது. நூலாக இருக்கலாம், விரலாக இருக்கலாம். போய் என்னவென்று பார்க்கக் கூடாது, யோசிக்கக் கூடாது, மெயின் சுவிட்சை இறக்கு. புதிதாக வருகிற ஒவ்வொருத்தனுக்கும் முதல் நாள் இதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஒரு பெண்ணுக்கு முந்தானை மாட்டியபோது நான் மெயினை இறக்கினேன். அவள் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறாள். அந்தக் கை தம்பி. அது என்னைக் கேட்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டது.

அமைதி ஆச்சு. அப்புறம்தான் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறேன். பிளக்.

அப்டேட் நடுவில் அது தானாக ஒரு தரம் அணைந்து எழுமாம், எழும்போது அப்படித்தான் முட்டிக்கொள்ளுமாம். நீங்கள் இப்போது சொல்கிறீர்கள். அப்போது சொல்ல யார் இருந்தார்கள்?

திரும்பச் சொருகினேன். கண்ணாடியில் ஒன்றும் வரவில்லை. இருக்கிற விளக்கெல்லாம் ஒரே சமயத்தில் மினுக்குகிறது, நீலம், பச்சை, ஆரஞ்சு, கல்யாண வீட்டுச் சீரியல் செட் மாதிரி. கல்லாகப் போகிறது என்பது இதுதானா? ஒருவேளை வைஃபை அறுந்ததால்தான் இப்படியோ என்று ஒரு யோசனை. இன்டர்நெட்காரன் மோடத்தின் முதுகில் ஒரு பொடி ஓட்டையில் குச்சியால் குத்தினதைப் பார்த்திருக்கிறேன். பேத்தியின் ஹேர்பின் கிடந்தது. குத்தினேன். குத்திப் பிடித்துக்கொண்டேன். மோடத்திலும் எல்லா விளக்கும் போய்த் திரும்ப வந்தது. அப்பாடா என்று என் போனை எடுத்துப் பார்த்தால், எங்கள் வீட்டு வைஃபை பேரே இல்லை. அவள் வைத்திருந்த பேர், பாஸ்வேர்டு, எல்லாம் துடைத்துப்போச்சு. மோடத்தின் பழைய பேர் ஒன்று, நம்பரும் எழுத்துமாக, யாரையும் தெரியாதது மாதிரி நிற்கிறது.

அந்த நேரம் கீழே ஸ்கூட்டி சத்தம். கூடையை எடுத்தேன். படியேறிவிட்டேன்.

சிரிக்காதீர்கள் தம்பி. உங்களுக்குச் சிரிப்பாக இருக்கிறது. அவள் திட்டுவாள் என்று எனக்குப் பயமில்லை. திட்டினால் தேவலை. இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவள் ஒரு தரம்கூட என்னைத் திட்டியதில்லை. அவள் கோபம் எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. அதுதான் பயம். அவள் வாயைத் திறக்கமாட்டாள். சோறு போடுவாள், மோர் ஊற்றுவாள், எல்லாம் செய்வாள். அப்புறம் ஒரு நாள் என் மகன் வந்து கட்டில் ஓரமாக உட்கார்ந்து, “அப்பா, கொஞ்ச நாள் அக்கா வீட்டுக்குப் போய் இருந்துட்டு வாங்களேன்” என்பான். கொஞ்ச நாள் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? மகள் சிவகாசியில் இருக்கிறாள். மாப்பிள்ளை நான் போனால் எழுந்து நிற்பார். உட்காரவே மாட்டார். அப்படி ஒரு வீட்டில் எத்தனை நாள் இருப்பது? ராஜபாளையத்து வீட்டை வாடகைக்கு விட்டாச்சு. விடாவிட்டாலும் அங்கே போக மாட்டேன். அவள் போன பிறகு அங்கே தனியாக இருந்து பார்த்தேன். விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த வீட்டில் ஒரு குரலும் கிடையாது. டிவியை வேண்டுமென்றே சத்தமாக வைப்பேன், பக்கத்து வீட்டில் சண்டைக்கு வருவார்கள், சண்டை போட்டாவது ரெண்டு வார்த்தை பேசலாமே என்று.

அவள் என்றால் என் வீட்டுக்காரி. குருவம்மாள். பயந்த பெண். எதற்கும் பயம். நான் மிக்ஸி வாங்கிக் கொடுத்த புதிதில், எங்கள் தெருவிலேயே முதல் மிக்ஸி, சட்னி அரைக்கிறேன் என்று கரண்டியை உள்ளே விட்டுவிட்டு மூடிப் போட்டிருக்கிறாள். ஒரே புகை. நான் மில்லிலிருந்து வருவதற்குள் மிக்ஸியைச் சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, தங்கச்சி வீட்டுக்கு ஓடிப்போய்க் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கிறாள். நான் போய்க் கூட்டி வந்தேன். “ஒரு மிக்ஸிக்கா இப்படி ஓடுவே? நான் என்ன ஆளை முழுங்கிடுவேனா?” என்று கேட்டேன். தெருவே சிரித்தது. பைத்தியக்காரி.

நான் அடிக்கிறவன் இல்லை தம்பி. அதைச் சத்தியம் செய்து சொல்லுவேன். மில்லில் எத்தனையோ பேர் பெண்டாட்டியைப் போட்டு அடிப்பார்கள், நான் ஒரு தரம் கை ஓங்கியது கிடையாது. ஒரு வார்த்தை கெட்டது பேசியதும் கிடையாது. அந்த மிக்ஸிக்காகப் பேசவில்லை, அவ்வளவுதான். பொங்கலுக்கு நிறுத்திய பேச்சை, சித்திரை பிறந்துதான் ஆரம்பித்தேன். அதுவும் மகளுக்குக் காய்ச்சல் வந்ததால். அதற்கப்புறம் அவள் எந்தச் சுவிட்சையும் என்னைக் கேட்காமல் தொடமாட்டாள். ‘போடட்டுமா?’ என்பாள். நான் தலையை ஆட்டினால்தான் போடுவாள். விளக்கு, ஃபேன், கிரைண்டர், எதுவானாலும். நல்ல பழக்கமாக வந்துவிட்டது. கடைசியில் ஆஸ்பத்திரியில், வாயில் குழாய் இருக்கிறது, பேச்சில்லை. கட்டில் பக்கத்தில் ஒரு ஃபேன் சுவிட்சு. அதில் கை வைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள். நான் தலையாட்டினேன். போட்டாள். அவ்வளவு மரியாதை. இந்தக் காலத்தில் யாரிடம் பார்க்க முடியும்?

எதற்கு இதைச் சொல்ல வந்தேன்... ஆங், பயம். கோகிலவாணி அப்படிப்பட்டவள் இல்லை. எதையும் கேட்காமலே போடுவாள், கேட்காமலே அணைப்பாள்.

ஷ்ஷ். கூப்பிடுகிறாள், கேட்டதா? கீழே வாட்ச்மேனிடம் என்னவோ கேட்கிறாள். ‘மாமா’ என்று காதில் விழுந்ததே. என்னைப் பற்றிப் புகார் சொல்கிறாளோ? இல்லை, வாட்ச்மேனிடம் எதற்குச் சொல்லப் போகிறாள். எட்டிப் பார்க்காதீர்கள்! கேட் திறக்கிற சத்தம். வெளியே போகிறாள். ஸ்கூட்டியை எடுக்கவில்லை, நடந்து போகிறாள். ஓடுகிறாளா? எதற்கு ஓடுகிறாள்? பிரிண்டர் ரிப்பேர் கடைக்கு இருக்கும். மெயின் ரோட்டில் ஒன்று இருக்கிறது. பாருங்கள், என்னால் ஒரு பெண்பிள்ளை வெயிலில் ஓடுகிறது.

தண்ணீர் பாட்டில் வைத்திருக்கிறீர்களா? வாய் உலர்ந்துபோச்சு.

திரும்பிவிட்டாள். படியில் வருகிறாள் தம்பி. இரண்டாவது மாடியில் நிற்கவில்லை. மேலே வருகிறாள். இது அவள் காலடிதான். நீங்கள் போய்விடாதீர்கள். மெத்தையைத் தட்டிக்கொண்டே இருங்கள். யாராவது இருந்தால் கொஞ்சம் தணிவாகப் பேசுவாள். போய்விடாதீர்கள்.

* * *

இறங்கிவிட்டாளா? கதவு சாத்துகிற சத்தம் கேட்டதே, எங்கள் வீடுதானே?

நீங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தீர்கள், அந்தப் பக்கம் திரும்பி நின்றாலும். எப்படி இருந்தது? கோபமா? செருப்புக்கூடப் போடாமல் வந்தாள், கவனித்தீர்களா? இந்தத் தரை எப்படிக் கொதிக்கிறது. முகமெல்லாம் சிவந்து, கண் கலங்கி, மூச்சு வாங்கி, பேசவே முடியவில்லை அவளுக்கு. என் வாழ்நாளில் இவ்வளவு கோபமான முகத்தை நான் பார்த்ததில்லை.

கோபமில்லை என்கிறீர்களா? பின்னே?

“கதவு தெறந்து கெடக்குது, போனு மேசை மேல கெடக்குது, உங்களக் காணோம். வாட்ச்மேன் பாக்கலைங்கறாரு. ரோட்டு முக்கு வரைக்கும் ஓடிட்டு வர்றேன் மாமா.” இதுதானே சொன்னாள்? போனை என் கையில் கொடுத்தாளே, அப்போது அவள் கை நடுங்கிற்று. கோபத்திலும் நடுங்கும். நான்தான் ஆரம்பித்தேன், “பிரிண்டர்...” என்று. “பாத்தேன்” என்றாள். ஒரே வார்த்தை. அந்தப் ‘பாத்தேன்’ எப்படி இருந்தது உங்களுக்கு?

அப்புறம் சொன்னாள், லேப்டாப்பிலிருந்து வயர் மாட்டி அப்டேட்டை மறுபடி ஏற்றிப் பார்க்கிறாளாம். உயிர் வந்தால் வருகிறது, வராவிட்டால் மீதியை ஜெராக்ஸ் கடையில் போட்டுக்கொள்ளலாமாம். மோடத்துக்குப் பேர் வைக்கிறது பெரிய வேலை இல்லையாம். இதையெல்லாம் சாதாரணமாகச் சொன்னாள். எப்போது அந்தச் ‘சிவகாசி’ என்கிற வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

“துணி எடுக்கத்தாம்மா வந்தேன்” என்றேன். அவள் கொடியைத் திரும்பிப் பார்த்தாள். ஒரு துணிகூட எடுக்கவில்லை நான். ஒரு கிளிப்கூட. பார்த்துவிட்டு இந்தத் தொட்டித் திண்டில் உட்கார்ந்து கேட்டாள் பாருங்கள், “ஏனுங் மாமா, நான் அவ்ளோ பயமுறுத்தறவளா?” என்று.

இதற்கு என்ன பதில் சொல்வது, சொல்லுங்கள். இல்லைம்மா என்று வாய் சொல்லிவிட்டது. அவள் நம்பவில்லை. அழுதாள், இல்லையா? நீங்கள் பார்த்தீர்களா? எனக்கு நிமிர்ந்து பார்க்கத் தைரியமில்லை. என்னமோ அவள்தான் தப்புச் செய்தது மாதிரி உட்கார்ந்திருந்தாள். அப்புறம் எழுந்து, “ரசம் வெச்சிருக்கேன், வாங்க” என்று போய்விட்டாள்.

அப்படி ஒருத்தர் இன்னொருத்தரிடம் கேட்கலாமா தம்பி? வீட்டுக்குள், தன் ஆளிடம்? எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை. குருவம்மாளிடம் ஒரு நாளும்...

ஒன்றுமில்லை. நீங்கள் மெத்தையைத் திருப்பிப் போடுங்கள், அந்தப் பக்கம் வெயில் படவில்லை.

அந்தக் கூடையை இப்படிக் கொஞ்சம் தள்ளுங்கள். பேத்தியின் பாவாடை காய்ந்துவிட்டது. இந்தத் துண்டு இன்னும் ஓரத்தில் ஈரமாக இருக்கிறது, கிடக்கட்டும். போர்வையின் அந்த முனையைப் பிடிக்கிறீர்களா? நாலாக மடிக்க வேண்டும். கோகிலவாணி நாலாகத்தான் மடிப்பாள். கிளிப்பைக் கீழே போடாதீர்கள், இந்த டப்பாவில்.